தேனீக்களுக்கும் ஒரு பாலாலயம்

திருவாரூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் அமைந்துள்ள திவ்ய தேசம் திருக்கண்ணமங்கை. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த இத்தலத்தில் பக்தவத்சலப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். திருப்பாற்கடலில் தோன்றிய மகாலட்சுமி இங்கு வந்து தவமியற்றினாள் என்றும், அவளைக் கரம்பற்றுவதற்காகப் பெருமாள் பாற்கடலைவிட்டுப் புறப்பட்டு வந்தார் என்றும் தலபுராணம் கூறும். அந்தத் திருமணக் கோலத்தைக் காண வந்த தேவர்களுக்கு ஒருமுறை கண்டுவிட்டுத் திரும்பிச் செல்ல மனம் வரவில்லை. நாள்தோறும் காண வேண்டும் என்று விரும்பியவர்கள், தேனீ வடிவெடுத்து இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஐதிகம். தாயார் அபிஷேகவல்லியின் சந்நிதியில் உள்ள தேன்கூட்டையும் பக்தர்கள் கைகூப்பி வணங்கிச் செல்கிறார்கள்.

அதே திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலம் இருக்கிறது. சுந்தரர் பதிகம் பெற்ற அந்த மாடக்கோயிலில் உறையும் ஈசனுக்கு மதுவனேஸ்வரர் என்று பெயர். விருத்திராசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் தேனீக்களாக உருமாறி இங்கு வழிபட்டதால், மதுவனம் என்று இத்தலம் பெயர் பெற்றது. ஸ்ரீசைலத்தில் மல்லிகார்ஜுனருடன் அருள்பாலிக்கும் அம்பிகையோ பிரமராம்பிகை. பிரமரம் என்றால் வண்டு. இருகாலாலும் நாற்காலாலும் மரணமில்லை என்று வரம்பெற்ற அருணாசுரனை, ஆறு கால்களையுடைய வண்டுகளைக் கொண்டு தேவி அழித்த வரலாறு தேவி பாகவதத்தில் விரித்துரைக்கப்படுகிறது. தில்லையில் மாணிக்கவாசகர் அரச வண்டை விளித்து, இறைவன் திருவடியில் சென்று ஊதும்படி வேண்டிய பதிகத்துக்குத் 'திருக்கோத்தும்பி' என்றே பெயர். இங்கே தும்பி என்பது தட்டாம்பூச்சி அன்று, ரீங்காரமிடும் வண்டு.

இவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வியாக்கிரபாத முனிவரின் கதையும் நினைவுக்கு வரும். வண்டு தீண்டாத மலரால் தில்லைவாணனை அருச்சிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பொழுது புலர்ந்தால் வண்டுகள் முந்திக்கொள்ளும். இருளில் மரமேறினால் பனியில் கால் வழுக்கும். ஆகவே புலியின் கால்களையும், இருளிலும் காணவல்ல கண்களையும் வரமாகப் பெற்று, புலிக்கால் முனிவர் ஆனார். முனிவரே வரம் வாங்கித்தான் வண்டுகளை முந்த முடிந்தது என்றால், அந்நாளைய தில்லை வனத்தில் எத்தனை வண்டுகள் இருந்திருக்க வேண்டும்! இன்று நந்தவனத்துக்குப் பொழுது நன்றாக விடிந்த பின்பு சென்றாலும், பூவின் மேல் ஒரு தேனீயைக் காண்பது பல ஊர்களில் அரிதாகிவிட்டது.

நம் மண்ணின் தேனீக்கள்

தேனீ என்றவுடன் பெட்டியும் தேன் புட்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டுக்கே உரிய தேனீக்கள் பல வகை. உயர்ந்த மரக்கிளைகளிலும் கோபுர நிலைகளிலும் ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீயின் கூடு. புதர்க்கிளையில் கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் சுவரின் உட்குழிவிலும் இருட்டில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத்தேனீ. பெட்டியில் வளர்க்கப்படும் நாட்டுத் தேனீ இதுவே. எறும்பளவே உள்ள கொசுத்தேனீக்குக் கொட்டும் கொடுக்கு கிடையாது. கருங்கல் மதிலின் இடுக்கில் மெழுகும் பிசினும் கலந்து ஒரு சிறு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதுவே இதன் வீட்டு வாசல். பிராகாரம் சுற்றுபவர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். அழுக்கு என்று எண்ணிக் கடந்திருப்பார்கள்.

இவை தவிர, கூட்டமாக வாழாமல் தனித்து வாழும் தேனீக்களும் உண்டு. மண் சுவரிலும் கட்டாந்தரையிலும் வளை தோண்டும் நீலப்பட்டைத் தேனீ, ரோஜா இலையை வட்டமாக வெட்டிச் சென்று கூடமைக்கும் இலைவெட்டித் தேனீ, காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டு வாழும் தச்சன் தேனீ ஆகியவை அவற்றுள் சில. தச்சன் தேனீயைக் கிராமத்தார் கருவண்டு என்பார்கள். தேனுக்காக யாரும் இவற்றை நாடுவதில்லை. எனவே இவை குறைவதை யாரும் கவனிப்பதும் இல்லை.

இந்தக் கருவண்டு சிவபெருமானுக்குச் செய்யும் தொண்டு ஒன்று உண்டு. சித்திரையில் பொன்மாலை தொங்கவிட்டாற்போல் பூக்கும் சரக்கொன்றைப் பூவில் தேன் சுரப்பதில்லை. அது வண்டுக்கு அளிப்பது மகரந்தம் ஒன்றையே. அதுவும் காற்றில் தானாக உதிர்வதில்லை. கேசரப் பைகளின் நுண்ணிய திறப்புகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. கருவண்டு பூவைக் கால்களால் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே மார்புத் தசைகளை அதிரச் செய்கிறது. 'விர்' என்ற ஓசை எழுகிறது. அந்த அதிர்வில் மகரந்தம் சிந்துகிறது. குட்டையான கேசரங்களில் உள்ளது வண்டின் உணவு. நீண்டு வளைந்த மூன்று கேசரங்களில் உள்ளதோ வண்டின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பயணப்படுகிறது. கொன்றையில் காய் தொங்குகிறது என்றால் அந்த மரத்தடியில் அந்த 'விர்' ஓசை கேட்டிருக்கிறது என்று பொருள். பொங்கலுக்குக் கூரையில் செருகும் ஆவாரம்பூவுக்கும் இதே ஏற்பாடுதான். கத்தரிப்பூவிலும் தக்காளிப்பூவிலும் மகரந்தம் உதிர இவ்வகை அதிர்வு பெரிதும் துணைசெய்கிறது. பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும்.

விநாயகருக்குரிய எருக்கின் அமைப்பு இன்னும் விந்தையானது. அதன் மகரந்தம் தூளாக இருப்பதில்லை. இரண்டு சிறு பொதிகளாக ஒரு கொக்கியில் பிணைந்திருக்கிறது. தேனருந்த வரும் கருவண்டின் காலில் அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ள, அது அப்பொதியைச் சுமந்துகொண்டு அடுத்த செடிக்குப் போகிறது. இத்தனை கனமான பூவையும் கொக்கியையும் கையாள வலிமையுள்ள வண்டு வேண்டும். முருங்கைக்கும் கருவண்டே முதன்மையான துணை.

அத்தியின் கதையைச் சொல்லாமல் விட இயலாது. 'அத்தி பூத்தாற்போல' என்று அருமையைச் சுட்டுகிறோம். உண்மையில் அத்தி ஆண்டுதோறும் பூக்கிறது. பூக்கள் காய்க்குள்ளேயே இருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடுகினும் சிறிய ஒரு குளவி, காயின் நுனியிலுள்ள துளை வழியே சிறகு முறிய உள்ளே நுழைந்து, தான் கொணர்ந்த மகரந்தத்தைச் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே உயிர்விடுகிறது. அதன் குஞ்சுகள் வளர்ந்து புதிய மகரந்தத்துடன் வெளிப்பட்டு வேறு மரத்தைத் தேடிப் பறக்கின்றன. வெளிவந்த பின் அவற்றின் ஆயுள் ஓரிரு நாட்களே. அத்திக்கு ஒரு குளவி, ஆலுக்கு வேறொன்று, அரசுக்கு மற்றொன்று என்று தனித்தனியே உள்ளன. 2019-ஆம் ஆண்டு காஞ்சியில் 48 நாட்கள் காட்சி தந்த அத்திவரதரின் திருமேனி அத்தி மரத்தால் ஆனது. பிள்ளையாரும் நாகப்பிரதிஷ்டையும் இருக்கும் இடமெல்லாம் அரசமரம் நிற்கிறது. இம்மரங்களின் சந்ததி கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு குளவிகளின் ஓரிரு நாள் வாழ்வில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கே போயின?

இவை குறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. 1990களின் தொடக்கத்தில் ஒரு நச்சுயிரி நோய் பரவி, மார்த்தாண்டம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் அடுக்குத்தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது. பின்னர் அவை மெல்ல மீண்டன. நோயிலிருந்து மீளும் வலிமை இயற்கைக்கு உண்டு. ஆண்டுதோறும், பருவந்தோறும் தெளிக்கப்படும் மருந்திலிருந்து மீள்வதுதான் கடினம். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் இலையின் மேல் மட்டும் நிற்பவை அல்ல. சாற்றோடு கலந்து பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் சென்றுவிடுகின்றன. அம்மருந்தையும் அதே இனத்தைச் சேர்ந்த வேறு இரண்டையும் திறந்த வயல்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ஆம் ஆண்டு தடைவிதித்தது. நம் ஊர்க் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கிறது.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. அதன் மகரந்தச் சேர்க்கை பூவுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் நெல்வயலின் வரப்பில் தானாக முளைக்கும் தும்பையும் நாயுருவியும் தேனீக்களின் அன்றாட உணவு. சிவபெருமானுக்கு உகந்தது என்று போற்றும் தும்பை, வயலில் களை என்று பெயர் பெற்றுக் களைக்கொல்லியால் கருகுகிறது. சிவராத்திரிக்குத் தும்பைப்பூ தேடி அலைந்தவர்களுக்கு இந்த மாற்றத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பூசணி, பரங்கி, பாகல், பீர்க்கு, புடல் ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தத்தை யாராவது சுமந்து செல்ல வேண்டும். சுமப்பவர் வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். அரைகுறையாகச் சேர்ந்தால் காய் கோணலாகும். 'பூ நிறையப் பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை' என்று முறையிடுவோர் உடனே அடுத்த மருந்தை வாங்கித் தெளிக்கிறார்கள். குறையைப் போக்க வந்திருக்க வேண்டிய விருந்தாளியும் அந்த மருந்தால் மடிகிறது.

கோயில் நந்தவனமாவது அடைக்கலம் தருமா என்றால், அங்கும் குறை இருக்கிறது. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் நீராடிச் சென்று கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகை மலர்களையும் பறித்து வந்து மாலை தொடுத்தார் என்று பெரியபுராணம் பேசும். மரம், கொடி, குளம், தரை என நான்கு இடங்களிலும் பூ இருந்தது என்பதே அதன் பொருள். அத்தகைய தோட்டத்தில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஏதாவதொன்று மலர்ந்திருக்கும். இன்றைய நந்தவனங்கள் பலவற்றில் அரளியும் அடுக்கு நந்தியாவட்டையும் மட்டுமே நிற்கின்றன. அரளிப்பூவில் தேன் இல்லை. அடுக்குப் பூவில் கேசரங்கள் இதழ்களாக மாறிவிடுவதால் மகரந்தமும் குறைவு. பார்வைக்குத் தோட்டம் நிறைந்திருக்கிறது. தேனீக்கு அது வெறும் இலை. போதாக்குறைக்கு எல்லாவற்றையும் மொட்டாகவே பறித்துவிடுகிறோம்.

திருப்பணி வேளையில்

மிகப் பெரிய இழப்பு நல்ல நோக்கத்தோடு செய்யும் ஒரு காரியத்தில் நேர்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்த வேண்டும் என்பது மரபு. அதற்கு முன் திருப்பணி தொடங்கும். சாரம் கட்டுகிறார்கள், கோபுரத்தைக் கழுவுகிறார்கள், மதில் இடுக்குகளில் சிமெண்டுக் கலவையை அடைக்கிறார்கள். அந்த இடுக்குக்குள் ஓர் அடுக்குத்தேனீக் குடும்பமோ கொசுத்தேனீக் குடும்பமோ இருந்தால், அது உயிரோடு அடைபட்டுப் போகிறது. கோபுர நிலையில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தாலோ இரவோடு இரவாகப் பந்தத்தைப் பிடித்து எரித்துவிடுகிறார்கள்.

மலைத்தேனீயிடம் அச்சம் இருப்பது நியாயமே. கலைந்துவிட்டால் கூட்டமாகக் கொட்டும். உயிருக்கே ஆபத்து நேர்ந்ததும் உண்டு. முதியவர்களும் குழந்தைகளும் கூடும் இடத்தில் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் மலைத்தேனீ ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. பூக்கும் பருவத்தில் வந்து, சில மாதங்களில் அடையை விட்டுவிட்டு வேறிடம் போய்விடும். அடுத்த ஆண்டு அதே கோபுரத்தைத் தேடி மலைத்தேனீக்கள் வருவதும் உண்டு. எனவே அது புறப்பட்டுப் போகும்வரை காத்திருந்து, வெற்று அடையை அகற்றினால் போதும். அதுவரை கோபுரத்தடியில் வெடி போடாமலும் புகை மூட்டாமலும் இருக்க வேண்டும். திருவிழாவுக்கு நாள் குறிக்கும்போதே ஒருமுறை கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிடுவது அறங்காவலர்களுக்குச் சிரமமான வேலை அன்று. காத்திருக்க இயலாத நெருக்கடி வந்தால், தேனீக்களைக் கொல்லாமல் அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களை முன்கூட்டியே அழைக்க வேண்டும். கடைசி நாளில் அழைத்தால் நெருப்பைத் தவிர வேறு வழி இருக்காது.

சுவருக்குள் வாழும் நாட்டுத் தேனீக்களுக்கு வேறு வழி உண்டு. அந்த வழியை ஆகமமே சொல்லித்தந்திருக்கிறது எனலாம். திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சக்தியைக் கலசத்திலோ மரப்பலகையிலோ ஆவாகனம் செய்து, பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறோம். பணி முடியும்வரை பூசை அங்கே நடக்கிறது. வீட்டைச் செப்பனிடும்போது அதில் குடியிருப்பவருக்கு மாற்றிடம் தர வேண்டும் என்ற கருணை அந்தச் சடங்கில் உள்ளது. அதே கருணையைச் சுவரில் குடியிருக்கும் தேனீக்களுக்கும் காட்டுவது கடினமன்று. தேனீ வளர்ப்போர் ஒருவரை அழைத்தால், இராணித் தேனீயையும் புழு அடைகளையும் சேர்த்து ஒரு மரப்பெட்டிக்கு மாற்றித் தருவார். கொசுத்தேனீயை ஒரு மண் கலயத்திலோ மூங்கில் குழாயிலோ குடியேற்றலாம். பெட்டியை நந்தவனத்தின் நிழலான மூலையில் வைத்தால் அதுவே அவற்றின் பாலாலயம். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மாவட்டங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் தேனீ வளர்ப்பில் பயிற்சி அளிக்கின்றன. உள்ளூரில் தெரிந்தவர் இல்லையென்றால் அங்கே விசாரிக்கலாம்.

கருவண்டு தேர்க்கொட்டகை மரத்தைத் துளைத்துவிடும் என்பதும் உண்மையே. கொட்டகை மரத்துக்கு வண்ணமோ எண்ணெயோ பூசி வைத்து, தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் சில காய்ந்த மூங்கில்களையும் பட்ட கிளைகளையும் விட்டுவைத்தால், வண்டு அங்கே போய்விட வாய்ப்பு உண்டு. சுத்தம் என்ற பெயரில் நந்தவனம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போடுவதுதான் தீராத கேடு. வளை தோண்டும் தேனீக்குச் சிறிது வெறும் மண் வேண்டும்.

இல்லத்தில்

பெரிய தோட்டம் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. துளசி மாடம் ஒன்றே போதும், அதைப் பூக்கவிட்டால். தழை செழிக்க வேண்டும் என்று கதிரை உடனுக்குடன் கிள்ளிவிடுவது வீடுகளில் வழக்கம். பூசைக்கு ஒரு செடியைக் கிள்ளிவிட்டு, மற்றொரு செடியைப் பூக்க விட்டால், காலை ஒன்பது மணிக்கே சிறு தேனீக்கள் வந்து மொய்க்கும். மஞ்சரியும் பெருமாளுக்கு உகந்ததே. முற்றிய பின் பறித்துச் சாற்றலாம். திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, ஒற்றை இதழ்ச் சங்குப்பூ ஆகியவை மாடித் தொட்டியிலும் வளரும். இடமிருந்தால் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும். ஊர்ப் பொது இடத்தில் புங்கும் வேம்பும் இலுப்பையும் கொன்றையும். இலுப்பைப் பூவைத் தேடி இரவில் வௌவால்கள் வரும். அவையும் இந்தத் தொண்டில் பங்குள்ளவையே. தாழ்வான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் ஊற்றி வைத்தால், கோடையில் தேனீக்கள் மூழ்காமல் கல்லில் அமர்ந்து பருகும்.

செடியில் பூச்சி விழுந்தால் முதலில் கையால் அகற்றலாம்; இல்லையேல் வேப்பெண்ணெய்க் கரைசல் இருக்கிறது. அதையும் பகலில் பூவின் மேல் தெளிக்காமல், தேனீக்கள் கூடு திரும்பிய பின், மாலை மங்கிய வேளையில் தழைமேல் மட்டும் தெளிப்பது நல்லது. பண்ணை வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சொல்லத்தக்க யோசனையும் இதுவே: பூக்கும் பருவத்தில் மருந்து வேண்டாம், வேறு வழியில்லை என்றால் காலையில் வேண்டாம். வரப்பின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தும்பையை விட்டுவைக்கட்டும். மாவில் பூத்திருக்கும் ஈக்களைக் கண்டு அருவருக்கவும் வேண்டாம். மாம்பூவின் மகரந்தச் சேர்க்கையில் பெரும்பங்கு ஈக்களுடையது.

புடலைப் பந்தலுக்கு மட்டும் தனிக் கணக்கு. அதன் வெண்பூ இரவில் விரியும். விட்டில்கள்தாம் அதன் விருந்தினர். பந்தலின் மேல் விடிய விடிய மின்விளக்கு எரிந்தால் விட்டில் பூவை விட்டு விளக்கைச் சுற்றும். படுக்கப் போகுமுன் கொல்லைப்புற விளக்கை அணைத்துவிட்டுச் செல்லலாம்.

மார்கழியில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரில் செருகுவதற்காகப் பரங்கிப்பூ பறித்த பாட்டிமார்கள், எந்தப் பூவைப் பறிப்பது என்று அறிந்திருந்தார்கள். அடியில் பிஞ்சு உருண்டிருக்கும் பெண்பூவைத் தொடமாட்டார்கள். நீண்ட காம்புடைய ஆண்பூவைத்தான் பறிப்பார்கள். அதிலும் கொடிக்கு நாலைந்தை விட்டுவிடுவார்கள். பரங்கிப்பூ வைகறையில் விரிந்து, உச்சிவேளைக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும்.